வாடை அடிப்பவர்களுக்குப் பொட்டலம்

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது சுலபம். அவர்கள் அதைக் கேட்டுவிட்டால்தான் சிக்கல்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வீட்டுக்குள் பெரிய பேச்சாளன். மஃரிப் தொழுததும் மகள் நூராவை உட்கார வைத்துப் பாடம் நடத்துவேன்.

"எல்லாரும் ஆதம் நபியோட பிள்ளைங்கம்மா. அவங்கள அல்லா மண்ணுலதான் படைச்சான். அப்ப யாரு ஒசத்தி, யாரு மட்டம்?"

"யாருமில்ல அத்தா."

(எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.)

எட்டு வயதில் நூரா குர்ஆன் ஓதி முடித்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டிலேயே விருந்து வைத்தேன். எங்களவர் விருந்தென்றால் சகன்தான். பெரிய தாம்பாளத்தில் சோறு, சுற்றி நாலு பேர், எல்லார் கையும் ஒரே தட்டில். சூராவில் தொழுகை நடத்தும் மலாய்க்கார உஸ்தாஸை அழைத்தேன். பக்கத்து வீட்டு முத்தையா கங்காணியை அழைத்தேன். எல்லா இனமும் என் பாயில் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுப்படியில் மனைவி கேட்டாள். "ஒங்க லோரியில வர்ற ரஹீமு, அவன் கூட தங்கியிருக்கிற மத்த பங்களாதேஷ் ஆளுங்க, அவங்க எங்க உக்காருவாங்க?"

"பொட்டலம் கட்டிரு. வாடை அடிக்கிறவனுங்கள எப்படி சகன்ல உக்கார வைக்கிறது? உஸ்தாஸ் வர்றாருல்ல."

பக்கத்தில் நூரா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. திரிங்காப் காய்கறித் தோட்டங்களுக்கு லோரியில் கோழி எரு ஏற்றிப் போவது. ரஹீம் என்னோடு மூட்டை இறக்குபவன். விருந்தன்று காலையிலும் ஒரு லோடு போனோம். வந்து சோப்புத் தேயத் தேயக் குளித்து, மேலே அத்தர் பூசினேன். (கோழி எருவும் அத்தரும் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு வாடை பிறக்கும். அதற்கு இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை.)

ரஹீமும் நண்பர்களும் வந்தார்கள். ரஹீம் தலை படிய வாரியிருந்தான். மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பா. கையில் நூராவுக்கு ஒரு டப்பா பிஸ்கட். வாசலிலேயே மறித்து, ரப்பர் வளையம் போட்ட பொட்டலங்களை நீட்டினேன்.

"உள்ள இடம் பத்தல தம்பி."

எனக்குப் பின்னால் சோறு போட்ட ஒரு தாம்பாளத்தைச் சுற்றி யாருமே இல்லை. அவன் அதைப் பார்த்தான். நான் அவன் பார்த்ததைப் பார்க்காத மாதிரி உள்ளே போய் உஸ்தாஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சோற்றில் கை வைக்கப் போனேன். மடியில் ஒரு பொட்டலம் விழுந்தது.

"அத்தா, ஒங்களுக்கும் இதுதான்."

"ஏம்மா?"

"வாடை அடிக்கிறவங்களுக்குப் பொட்டலம்னு நீங்கதான அம்மாகிட்ட சொன்னீங்க? ஒங்க மேல கோழிப்பீ வாடை அடிக்குது."

கங்காணிக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. தமிழ் தெரியாத உஸ்தாஸ், "அபா?" (என்னவாம்?) என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். கங்காணி இருமலுக்கு நடுவில் மலாயில் விளக்கிவிட்டார். (பக்கத்து வீட்டுக்காரர் வேறு எதற்கு இருக்கிறார்?) உஸ்தாஸ் சிரிக்கவில்லை. தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற ரஹீமுக்கு என்னோடு அலைந்து தமிழ் நன்றாகவே வந்திருந்தது.

"ஒரே லோரிதானே அண்ணே," என்றான். பொட்டலத்தைப் படியில் வைத்தான். பிஸ்கட் டப்பாவை மட்டும் நூரா கையில் கொடுத்துவிட்டு நண்பர்களோடு போனான்.

நூரா என்னைக் கேட்டாள். "அத்தா, ரஹீம் அண்ணன் ஆதம் நபி பிள்ளை இல்லையா?"

ரஹீம் குடியிருந்த லயத்தின் பின்வரிசைக்குச் செருப்பில்லாமல் ஓடினேன். கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வர வேண்டுமே. "சோறு ஆறுது," என்றுதான் வந்தது. ரஹீம் வரவில்லை. லோரியில் பல நாள் சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நூரா போய்க் கையைப் பிடித்து இழுத்ததால் வந்தான். எனக்காக வரவில்லை என்பதையும் சொல்லிவிட்டே சகனில் உட்கார்ந்தான்.

நூரா இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். போன வாரம் பிரிஞ்சாங் இரவுச் சந்தையிலிருந்து வந்து, "இந்த நேப்பாளத்து ஆளுங்களே இப்படித்தான்," என்று ஆரம்பித்தேன். அடுப்படியில் ரப்பர் வளையம் இழுபடும் சத்தம் கேட்டது.

எல்லாரும் சகனில் சாப்பிட்டார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து என் பொட்டலத்தைப் பிரித்தேன். வெறும் சோறு. குழம்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை.