வாளியில் நீர்மட்டம் இறங்குகிறது

அன்பும் பொறுமையும் வாய்த்த என் மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், நீ கொடுத்த ஐந்து கோழிகளும் பரம நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இருந்தால், அதே நலத்தோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இரு. கோழிகளை ஏற்றிப்போக வண்டி கொண்டுவராதே. நிலைமை தலைகீழாக மாறிவிட்டது மச்சான்! ஜெயித்துவிட்டேன்!

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லத்தான் பார்த்தேன். நான் "வாளி" என்று ஆரம்பித்ததுமே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. ஒரு டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முழுசாகப் படி.

நீரேற்று நிலையத்தில் என் காலம் முழுக்க மோட்டார் ஓட்டியவன் நான் என்பது உனக்குத் தெரியும். நான் வால்வைத் திருப்பினால்தான் பாதி நகரம் பல் துலக்கும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு என் கைத் தண்ணீருக்காக யாருமே காத்திருக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அந்த நேரத்தில்தான் நீ ஐந்து கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து இறக்கினாய். காலையில் கூண்டைத் திறந்ததும் ஐந்தும் ஓடிவந்து என் காலைச் சுற்றி நின்று, வாயைத் திறந்து என் முகத்தைப் பார்த்தன. எனக்கு மறுபடியும் வேலை கிடைத்த மாதிரி இருந்தது மச்சான். அதனால்தான் உன் அக்கா "கோழியைத் திருப்பி அனுப்புங்க" என்றபோது நான் அப்படித் துடித்தேன்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு பழைய அலுமினியத் தட்டில்தான் தண்ணீர் வைத்தேன். தட்டு என்றால் கோழிக்குக் குடிக்கிற பாத்திரம் மட்டுமல்ல என்று எனக்கு யார் சொன்னார்கள்? கறுப்புக் கோழி இருக்கிறதே, எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் அதட்டும், நான் மேலதிகாரி என்று பெயர் வைத்திருக்கிறேன், அது தட்டுக்குள் இறங்கி நின்றுகொண்டுதான் குடிக்கும். மற்றவை சுற்றி நின்று மண்ணைக் கிளறும். கிளறிய மண் தட்டில் விழும். நான் கழுவி வைத்துத் திரும்புவதற்குள் குழம்பு மாதிரி ஆகிவிடும். கூட்டத்தில் ஒன்று வாலைத் திருப்பி அதிலேயே வேறு காரியமும் செய்யும். அந்தத் தண்ணீரை அவை குடித்தால் சீக்கு வரும், கொட்டினால் தரை நனையும். கொட்டினேன், கொட்டினேன், கொட்டிக்கொண்டே இருந்தேன்.

உன் அக்கா தையல்காரி. ரவிக்கைக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியை முன்கூட்டியே நனைத்துக் காயப்போடாவிட்டால், தைத்த பிறகு சுருங்கி, வாடிக்கையாளர் வந்து சண்டை போடுவார். அந்தத் துணிகள் காய்வது நம் பின்கட்டுக் கொடியில்தான். கொடிக்குக் கீழேதான் என் தட்டு. மேலதிகாரி ஒரு நாள் குளித்து முடித்து இறக்கையை உதறியது. வெள்ளைத் துணி, கிரீம் துணி, இளநீலத் துணி எல்லாவற்றிலும் ஒரே சேற்று அச்சு. உன் அக்கா கத்தவில்லை. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

தட்டை உடனே தூக்கிப் போட்டுவிட்டேன். கடைக்குப் போய், கவிழ்த்து வைக்கிற டப்பா ஒன்று வாங்கிவந்தேன். வெள்ளைக் குடுவை, சிவப்பு அடித்தட்டு. குடுவையில் நீரை நிரப்பித் தட்டை மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால், குடிக்கக் குடிக்கத் தானே இறங்கும். உள்ளே காற்று புக வழியில்லாததால் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் ஒன்று மட்டும் சொன்னார்: "சார், தட்டோட விளிம்பு கோழி முதுகு உயரத்துல இருக்கணும். கீழ வச்சீங்கன்னா குப்பையைத் தள்ளும், மேல வச்சீங்கன்னா எட்டாது."

முதுகு உயரம் எவ்வளவு? அளந்தால்தானே தெரியும்? உன் அக்காவின் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கோழி நிற்குமா? மேலதிகாரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டேப்பின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் முதுகிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தேன். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டார். "உங்க வீட்டுக்காரரும் தைக்கிறாரா?" என்று கேட்டார். "கோழிக்கு மட்டும்" என்றாள் உன் அக்கா. அந்த டேப்பை அதன் பிறகு அவள் தொடவில்லை. புது டேப் வாங்கினாள்.

அளவு சரி, செங்கல் அடுக்கி உயரம் சரி. தரை சரியில்லையே மச்சான்! நம் பின்கட்டு கூண்டுப் பக்கமிருந்து கொடிப் பக்கமாகச் சரிகிறது. டப்பா கொஞ்சம் சாய்ந்தால் போதும், காற்று உள்ளே போய்விடும், தண்ணீர் வெளியே வந்துவிடும். நான் மதியம் கண்ணயர்ந்து எழுவதற்குள் குடுவை காலி, பின்கட்டு முழுக்கச் சேறு. சேற்றைக் கண்டால் கோழிக்குக் கொண்டாட்டம். ஐந்தும் உழவு நடத்திவிட்டு, அதே காலோடு தையல் அறைக்குள் நுழைந்து, தரையில் விரித்து வெட்டி வைத்திருந்த பட்டுத்துணி மேல் நடந்து, மறுபக்க வாசலால் வெளியேறின. அன்றைக்குத்தான் உன் அக்கா உனக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வண்டியோட வாடா. அதுக்குள்ள பின்கட்டு காயலைன்னா அஞ்சையும் ஏத்திக்கிட்டுப் போ. இவரையும் ஏத்தினாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று சொன்னாளே. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். துணி நனைக்கிற பக்கவாட்டுச் சந்துப் பக்கம் நானோ என் சாமான்களோ தலைகாட்டக் கூடாது என்றும் தடை போட்டுவிட்டாள்.

ஊருக்கே தண்ணீர் விட்டவனுக்கு ஐந்து கோழிகள் தண்ணி காட்டுவதா? ரோஷம் வந்துவிட்டது. இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி, இதுதான் கடிதத்தின் உயிர். நிப்பிள் என்று ஒரு சின்ன சாமான் இருக்கிறது. விரல் நுனி அளவு, நடுவில் ஓர் ஊசி. கோழி அதை மூக்கால் தட்டினால் ஒரு சொட்டு விழும். தட்டாவிட்டால் விழாது. மூடி போட்ட வாளி ஒன்றை எடுத்தேன். அடியில் டிரில்லால் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, நிப்பிள்களை வட்டமாகத் திருகினேன். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், அதனால் தையல் அறைப் பின்கதவுக்குப் பக்கத்தில், கூரையின் நிழலில், உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டேன். கோழி தலையைச் சற்று நிமிர்த்திக் குடிக்கிற உயரம். மண் விழாது, எச்சம் விழாது, சாயாது, சிந்தாது. கண்ணில் நீர் வந்துவிட்டது மச்சான். பெரிய தொட்டியில் முதல் நாள் தண்ணீர் ஏற்றியபோதுகூட நான் இவ்வளவு பூரித்ததில்லை.

கோழிகள் வந்து வாளியைப் பார்த்தன. வாளி கோழிகளைப் பார்த்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு கோழி எப்போதும் தலையைச் சாய்த்துச் சந்தேகமாகப் பார்க்கும், அது கணக்குப்பிள்ளை. அது வாளிக்குக் கீழே போய் நின்று, நிமிர்ந்து பார்த்து, அப்படியே நகர்ந்துவிட்டது. நான் விரலால் தட்டிக் காட்டினேன். சொட்டு என் முழங்கைவரை வழிந்தது. அவை விரலைக் கொத்தின. வேறு வழியில்லாமல் தரையில் மண்டிபோட்டு, கழுத்தை நீட்டி, என் மூக்காலேயே தட்டிக் காட்டினேன். "இதோ பாருங்க, இப்படித்தான், சொட்டு வருது பாருங்க!" நிமிர்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர், கையில் பல்குச்சியோடு. "உங்க வீட்டுல குழாய் வேலை செய்யலையா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். பாவம் மனுஷன், ஒரு குடம் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

மற்ற பாத்திரங்களையெல்லாம் எடுத்துவிட்டால் தாகத்தில் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று, நிப்பிள் வாங்கும்போது கடைக்காரர் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டேன். மதியம்வரை ஒன்றும் அண்டவில்லை. வெயில் வேறு. செத்துகித்துப் போனால்? சாயங்காலம் பதறிக்கொண்டு வாளி மூடியைத் திறந்து பார்த்தேன். நீர்மட்டம் இறங்கியிருந்தது!

நன்றாக இறங்கியிருந்தது மச்சான்! தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கசிவும் இல்லை, வாஷரைத் தடவிப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் தண்ணீர் எங்கே போயிருக்கும்? கோழி வயிற்றுக்குள்தான்! காலம் முழுக்க நீர்மட்டக் கோலைப் பார்த்தே உத்தியோகம் பண்ணியவன் நான். மனிதர் சொல்வது பொய்யாகலாம், மட்டம் பொய் சொல்லாது. மறுநாளும் இறங்கியது. அதற்கு மறுநாள் இன்னும் அதிகம். நான் பக்கத்தில் இருக்கும்போது அவை குடிப்பதை இன்னும் பார்க்கவில்லை என்பது உண்மை. கூச்சம். புதுசாகக் கற்றவர்களுக்கு இருக்கிற கூச்சம்தான். மதியத்தில் நிழலுக்காகச் சந்துப் பக்கம் போய் ஒதுங்கிவிடுகின்றன, நான் தூங்கும்போது வந்து குடித்துவிட்டுப் போகின்றன என்று நினைக்கிறேன். மற்றபடி பளபளவென்று இருக்கின்றன. முட்டைக்கும் குறைவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய சமாசாரம் உன் அக்கா. அவளே வாளியின் ரசிகையாகிவிட்டாள்! முன்பெல்லாம் என் சாமான்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புவாள். இப்போது கையில் துணியோடு அடிக்கடி பின்கதவுக்கு வந்து வாளிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறாள். நான் எட்டிப்பார்த்தால் ஒன்றுமில்லாதது போல உள்ளே போய்விடுகிறாள். "நல்லா வேலை செய்யுதுங்க" என்று நேற்று அவளே சொன்னாள். காதில் விழுந்ததா? அவளே! பின்கட்டு காய்ந்துவிட்டது, துணிகள் பளிச்சென்று ஆடுகின்றன. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆகவே வண்டி வேண்டாம். தப்பித் தவறிக் கொண்டுவந்தால் கூண்டுக்கு முன்னால் நான் படுத்துக்கொள்வேன். உனக்கும் ஒரு வாளி செய்து தரட்டுமா, எழுது. வாரம் ஒருமுறை மறக்காமல் தேய்த்துக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல். பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோருக்கும் தாகம் தீரக் குளிர்ந்த நீரும், நீர் சிந்தாத வாழ்வும் அமையட்டும்.

இப்படிக்கு,
வெற்றிக் களிப்பில்,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு, ஒட்டுவதற்குப் பசை கேட்கலாம் என்று தையல் அறைக்குப் போனேன். உன் அக்கா ஒரு ரவிக்கைத் துணியோடு பின்கதவுக்குப் போனாள். குனிந்து வாளிக்குக் கீழே துணியைப் பிடித்தாள். நிப்பிளை ஒரு விரலால் தட்டினாள். டொக், டொக், டொக் என்று அளவாகச் சொட்டு விழுந்தது. துணியைக் கொண்டுபோய் மேஜையில் விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

"கையால தெளிச்சா திட்டுத்திட்டா நனையுங்க. இது ஒரே சீரா விழுது. நீங்க செஞ்சதுலயே உருப்படியானது இதுதான்" என்றாள்.

"அப்ப வாளியில மட்டம் இறங்குறது?"

"நான்தான்."

"அப்ப கோழிங்க?"

கையைப் பிடித்துச் சந்துக்குக் கூட்டிப்போனாள். துவைக்கிற கல்லின் மேல் நான் தூக்கிப்போட்ட அதே அலுமினியத் தட்டு, கழுவித் துடைத்து, நிறையத் தண்ணீர். சிந்தினாலும் கல்லிலிருந்து நேரே சாக்கடைக்குப் போய்விடுகிறது. மேலதிகாரி உள்ளே இறங்கி நின்றுகொண்டு குடித்துக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை என்னைத் தலைசாய்த்துப் பார்த்தது.

"முதல் நாளே தாகத்துல வந்து என் ஜன்னலைத் தட்டுச்சுங்க. பாவமா இருந்துச்சு. மேல பாத்துக் குடிச்சா அதுக்குக் கழுத்து வலிக்காதா? அன்னிக்கே தம்பிக்குப் போன் பண்ணி வண்டி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"தினமும் மூடியைத் திறந்து பாத்துட்டு எவ்வளவு சந்தோஷமா வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

ஆக, உனக்கு எல்லாம் முன்பே தெரியும். அதனால்தான் உனக்கு சிக்னல் போனது. அயோக்கியப் பயலே, மேலே எழுதிய எதையும் படிக்காதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. வரும்போது நிப்பிள் கொஞ்சம் வாங்கிவா, உன் அக்கா மேஜைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாளி கேட்கிறாள். இதை எழுதும்போதே அறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "நாளைக்குக் காலையில நேரத்தோட வாளியை நிரப்பிடுங்க. நிறைய துணி இருக்கு, உங்க தண்ணிக்காகத்தான் காத்துக்கிட்டிருப்பேன்."