ஈரத்துணி மேல் விழுந்த பழி

அநியாயம் நடந்தது மஹ்ஜபீனுக்கு. செய்தவர் அவளுடைய கணவர், போட்டோக்காரர் அல் அமீன். நிலக்கோட்டைக் கலியாணப் பெண் கட்டியிருந்த கிளிப்பச்சைப் பட்டு, கம்ப்யூட்டருக்குள் போய் வைக்கோல் நிறமாகிவிட்டது. காரணம், ஞாயிற்றுக்கிழமை மஹ்ஜபீன் மானிட்டரை ஈரத்துணியால் துடைத்தாளாம். இதுதான் குற்றச்சாட்டு. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேரே தீர்ப்பு.

ஈரத்துணி என்ன, கண்ணாடிக்குள் இறங்கி, பச்சையை மட்டும் பொறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வருமா? கேட்டால், அல் அமீன் ஒரே பதிலை வைத்திருந்தார்.

"ஒனக்கு டெக்னிகல் தெரியாது."

பேகம்பூரில் அவர்கள் வீட்டு முன்னறையை ஒரு பிளைவுட் தடுப்பு இரண்டாகப் பிரித்திருந்தது. இடப்பக்கம் அவருடைய ஸ்டுடியோ. வலப்பக்கம் அவளுடைய தையல் மிஷின். திங்கட்கிழமை ஸ்டுடியோக் கதவில் மூன்று கலரில் ஓர் அறிவிப்பு ஏறியது: "இங்கு துடைப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது." அந்த வீட்டில் துடைக்கிற ஆள் ஒருத்திதான். அதனால் பேர் போடவில்லை.

பேரை மறுநாள் போனில் போட்டார். கொடுமையிலும் கொடுமை அதுதான்.

பெண்ணைப் பெற்ற மூக்கையா நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூ வியாபாரி. மாதிரிக்கு அனுப்பிய நாலு படத்தைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"என்ன பாய் இது? எம் மக அறிவுச்செல்வி தலையில இருக்கிற கனகாம்பரம் மூணு நாள் பூ மாதிரியில்ல இருக்கு!"

"அண்ணே, அது வந்து…"

"ஊருக்கெல்லாம் பூ ஏத்துற மனுசன், சொந்த மகளுக்கு வாடுன பூவ வச்சுட்டான்னு பேசுவாங்க பாய். சம்பந்தி வீட்டுல ஆல்பத்தப் பிரிச்சா எம் மானம் போயிரும். நாலு மணிக்கு நேர்லயே வாரேன். அப்பவும் இப்புடியே இருந்துச்சு, நம்ம சொந்தத்துல அடுத்து வார மூணு கலியாணத்துக்கும் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"அய்யோ அண்ணே! வீட்டுல ஈரத்துணியப் போட்டு மானிட்டரத் தொடச்சுட்டாங்க. அதுல கலர் போயிருச்சு. சரி பண்ணிருவேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சட்டென்று நின்றது. பிளைவுட் ஆளைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது. ஒரு நிமிடம் கழித்து மிஷின் மறுபடி ஓடியது. கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

அல் அமீன் வேலையில் இறங்கினார். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினார். டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தார். ஈரத்துணியில் போன நிறம் காய்ந்த துணிக்குத் திரும்பி வருமோ என்று கைக்குட்டையாலும் ஒரு தடவை துடைத்தார். அறிவிப்பு அடுத்தவர்களுக்குத்தானே. கடைசியில் ஆல்பம் அடுக்குகிற புரோகிராமில் பச்சையைக் கையாலேயே கூட்டினார். சேலை கொஞ்சம் தேறியது. மாப்பிள்ளையின் காதும் பச்சையானது. காதைக் குறைத்தால் சேலை செத்தது. சேலையைத் தேற்றினால் காதில் பாசி பிடித்தது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படம். மணி ஒன்றரை.

கழுத்தில் இஞ்சு டேப்போடு மஹ்ஜபீன் கதவருகே வந்து நின்றாள்.

"மச்சான், சாப்பிட வாரீங்களா?"

"சோறு எறங்குமா எனக்கு? நாலு மணிக்கு மனுசன் வந்துருவாரு."

"ஒரு கேள்வி கேக்கலாமா?"

"தொடாம கேளு."

"கண்ணாடியில இடப்பக்கம் மட்டும் சேல நல்லா இருக்கே, அது என்னா?"

"கலர் திருத்துற புரோகிராம். அதுல கிளி மாதிரி இருக்கு பாரு. அங்கருந்து ஆல்பம் புரோகிராமுக்கு எடுத்துட்டு வந்தா செத்துப்போகுது."

"ரெண்டும் ஒரே கண்ணாடிக்குள்ளதான தெரியுது?"

"ஆமா."

"அப்ப நான் பாதிக் கண்ணாடியத்தான் தொடச்சேனா?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. ஆனால் அவர் புருசன். அதனால் ஒரு பதில் இருந்தது.

"ஈரம் வலப்பக்கமா எறங்கிருக்கும்."

"சரி. நிலக்கோட்டையில மூக்கையாண்ணன் போன யாரு தொடச்சா? பஸ் ஏறிப் போயி நான்தான் தொடச்சுட்டு வந்தேனா?"

"மெதுவாப் பேசு. ரோட்டுல ஆள் போகுது."

"போன கலியாணத்துப் படமெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு. நடுவுல என்னத்த மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல."

"வியாழக்கிழமை வீடியோவுல ஒருத்தர், 'பெரிய கலர் அளவ வையுங்க, அப்பத்தான் நீங்க ப்ரொபஷனல்'னு கத்துனாரு. நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க 'ஆகா'ன்னீங்க."

"அது வேற ஆகா."

"அப்புறம், 'இந்த டிக்க எடுத்துட்டா ஃபைல் சிறுசாகும்'னு நீங்களே சொல்லிக்கிட்டு என்னத்தையோ எடுத்து விட்டீங்க. அது என்னா டிக்கு?"

அல் அமீன் அந்தக் கட்டத்தைத் திறந்தார். படத்தை வெளியே அனுப்பும்போது, எந்தக் கலர் அளவில் எழுதியது என்ற குறிப்பையும் கூடவே அனுப்பவா என்று அது கேட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தவர் சாட்சாத் அவரே.

மஹ்ஜபீன் டேப்பைக் கையில் எடுத்தாள்.

"போன மாசம் துபாய்லருந்து ஒரு அக்கா ஜாக்கெட் அளவு அனுப்புச்சுல்ல? வெறும் தொண்ணூறுன்னு. இஞ்சா, சென்டிமீட்டரான்னு எழுதல. நான் போன் போட்டுக் கேட்டேன். கேக்காம இஞ்சுன்னு நெனச்சுத் தச்சிருந்தா ஜாக்கெட்டா வந்திருக்கும்? ஷாமியானா வந்திருக்கும். ஒங்க ஆல்பம் புரோகிராம் யாருக்கு போன் போடும்? பெரிய அளவுல எழுதுன நம்பர, சின்ன அளவுன்னு அதுவா நெனச்சுக்கிட்டு வரையுது. கிளி வைக்கோலாகாம என்னாகும்?"

பக்கத்தில் உட்கார்ந்து படித்த மாதிரி சொன்னாள். அல் அமீன் மவுஸைக் கையில் எடுத்தார்.

"இப்ப என்னா பண்றது?"

"பழைய அளவுக்கே மாத்துங்க. டிக்கப் போடுங்க. அதே பேருல, அதே ஃபோல்டர்ல எல்லாத்தையும் திரும்ப அனுப்புங்க. ஆனா ஒண்ணு. மூக்கையாண்ணன்கிட்ட எம் பேரச் சொன்னீங்கள்ல? அவரு வந்ததும் தப்பு யாரோடதுன்னு நீங்களே சொல்லணும்."

"சொல்றேன், சொல்றேன்! மொத இது ஓடட்டும்."

ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டே முக்காலுக்கு நாற்பது படம். மூன்று மணிக்கு மின்விசிறி மெதுவானது. வோல்டேஜ் இறங்குகிறதா? யா அல்லாஹ், இன்றைக்கு மட்டும் கரண்டு போகக் கூடாது. மூன்றரைக்கு இருநூற்றுப் பத்து. வாசலில் நிற்கிற ஒவ்வொரு ஆட்டோவுக்கும் அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முந்நூற்றுப் பன்னிரண்டாவது படம் வந்து சேர்ந்தது. ஆல்பத்தைத் திறந்தார். கிளி! அப்பழுக்கில்லாத கிளி. மாப்பிள்ளையின் காதும் மனிதக் காதாகவே இருந்தது.

மூக்கையா வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகையோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மானிட்டருக்கு முன்னால் குனிந்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"இப்பச் சொல்றேன் பாய், இது பூ! விடிகாலையில பறிச்சு நேரா தலையில வச்ச மாதிரி இருக்கு. எப்புடிச் சரி பண்ணீங்க?"

அல் அமீன் மனைவியைப் பார்த்தார். அவள் இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டிய இடம் இதுதான். கொடுத்த வாக்கும் ஞாபகம் இருந்தது.

"அது வந்துண்ணே… டெக்னிகல். காலையில சொன்னேன்ல, வீட்டுல தொடச்சதுல…"

மூக்கையா கதவில் இருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏன் தங்கச்சி, தொடச்சா நெசமாவே கலர் போயிருமா?"

மஹ்ஜபீன் கொஞ்சமும் கோபப்படவில்லை. அடக்கமாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமாண்ணே. இவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம வலப்பக்கமாத் தொடச்சேன், போயிருச்சு. இன்னைக்கு இடப்பக்கமாத் தொடச்சேன், வந்துருச்சு."

"அட! அம்புட்டும் ஒங்க கையிலதான் இருக்குன்னு சொல்லுங்க."

"எனக்கு என்னண்ணே தெரியும். எனக்கு டெக்னிகல் தெரியாது."

அல் அமீன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தப்பு செட்டிங்கில் என்றால், மாற்றி வைத்தது யார் என்ற கேள்வி வரும். தப்பு துணியில் என்றால், சரி செய்ததும் துணிதான். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மூக்கையா பூப்பொட்டலத்தை மஹ்ஜபீன் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, நம்ம சொந்தத்துல மூணு கலியாணத்தையும் ஒங்க பேருலயே சொல்லிர்றேன். பாய் படம் புடிக்கட்டும். நீங்க தொடச்சு முடிச்சுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க, வாரேன். மொத அந்த நோட்டீசக் கிழிங்க." பிறகு அல் அமீன் பக்கம் திரும்பினார். "அது சரி பாய், தங்கச்சிதான் தொடச்சுச் சரி பண்ணுச்சு. காலையில இருந்து நீங்க என்னா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

அல் அமீன் அறிவிப்பைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். மஹ்ஜபீனைப் பார்த்தார். அவள் மல்லிகையை மோந்துகொண்டிருந்தாள்.

"துணி அலசிக் குடுத்தேண்ணே."