கம்பவுண்டர் ஏலத்தில் விட்ட ரோஜா

ஆலங்கட்டி மழையில் ரோஜாச் செடிக்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தன் வழுக்கைத் தலையை வானத்துக்குக் கொடுத்த மனிதர், உலகத்திலேயே எங்கள் மாட்டுக் கம்பவுண்டர் ஒருவராகத்தான் இருப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் நான் குமாஸ்தா. மாடுகளுக்கு மருந்து கலக்கிப் புகட்டுவது அவர் வேலை. திருநெல்வேலிக்காரர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. விடிந்ததும் தோட்டத்தில் முழங்கால் போட்டுத் தெருவுக்கே கேட்கும்படி ஜெபம் செய்வார். ஒருநாள் செடியில் புழு விழுந்துவிட்டது.

"ஆண்டவரே, இந்தப் புழுவையும் நீர்தான் படைச்சீரு, இல்லைன்னு சொல்லல. ஆனா பக்கத்து வீட்லயும் இலை நெறையக் கெடக்கே, அது கண்ணுல படலையா?"

பக்கத்து வீடு என்னுடையது. அந்த வாரமே என் அவரைக்கொடி மொட்டையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பாதிப் பிரசங்கத்தில்தான் வந்து சேருவார். போதகர் ஒருமுறை பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு மொட்டு விரிய ஆரம்பிச்சிட்டு. ஆண்டவர் வேலை பாத்துக்கிட்டு இருக்கையில நான் எப்படிப் பாதியில எந்திரிச்சு வர?" என்றார் கம்பவுண்டர்.

கிறிஸ்தவர்களுக்கு அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் சர்ச் வாசலில் ஏலம் விடுவார்கள். கம்பவுண்டர் வருஷா வருஷம் ஒரு ரோஜாத் தொட்டியைப் பயபக்தியோடு கொண்டுவந்து வைப்பார். பிறகு அவரே ஏலம் கேட்டு, அவரே வீட்டுக்குத் தூக்கிப் போவார்.

"கொடுத்ததை நீங்களே எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"கொடுத்தாச்சு தம்பி. வளக்கத் தெரிஞ்சவன் கையிலதான் இருக்கணும்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

அவருக்கு எதிராக யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் ஒரு வருஷம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அவரை மிஞ்சிக் கேட்டது. பண்ணையில் மாடு மேய்க்கிற முனியப்பன்! கம்பவுண்டர் ஏற்றினார். முனியப்பன் இன்னும் ஏற்றினான்.

"ஏலே, உனக்கு என்னாத்துக்குலே ரோஜா?"

"சாமி, கொழந்த தங்காம போனதுலேர்ந்து எம் பொண்டாட்டி பாயை வுட்டு எந்திரிக்கறதே இல்ல. யார்கிட்டயும் பேச்சும் இல்ல. முன்னெல்லாம் புல்லுக்கட்டோட உங்க வேலியண்ட நின்னு இந்தச் செடியத்தான் பாத்துக்கினு இருப்பா. இதப் பாத்தாவது எந்திரிப்பாளான்னு..."

கம்பவுண்டர் மேற்கொண்டு ஏலம் கேட்கவில்லை. ஏலம் முனியப்பனுக்கு முடிந்தது. அவன் தொட்டியைத் தூக்கக் குனிந்ததும் பாய்ந்து வந்தார்.

"விடுலே! வேரு ஆடிரும். உனக்குத் தூக்கத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு தலையில் தொட்டியைச் சுமந்து அவன் குடிசை வரை நடந்தார்.

மறுநாளிலிருந்து விடியற்கால ஜெபம் அங்கே மாறியது. செடிக்காக வேண்டிக்கொண்டு, "உள்ள படுத்திருக்கிற பிள்ளையையும் பாரும் ஆண்டவரே" என்று முடிப்பார். அடுத்த மூச்சில் உள்ளே பார்த்துச் சத்தம் போடுவார்: "மண்ணு காஞ்சு கெடக்கு! செடிய வாங்கிப் போட்டுட்டுப் படுத்துக்கிட்டா ஆச்சா?" நோயாளியை இப்படியா திட்டுவது என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. முனியப்பன் மட்டும் கும்பிட்டுக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் எருக்கூடையைச் சுமக்க என்னையும் இழுத்துப் போனார். வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்து, சொம்பால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை வாரியிருந்தாள்.

கம்பவுண்டருக்கு உடனே பழக்கதோஷம் வந்துவிட்டது. "இப்படியா ஊத்துறது? வேரு அழுகிரும் தாயி!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என் செடி சாமி. எவ்ளோ ஊத்தணும்னு எனக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க."

கம்பவுண்டர் திரும்பி வேகமாக நடந்தார். தெருமுனையில் துண்டால் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்.

"கேட்டியா தம்பி? பிள்ள என்னையே அதட்டிட்டு! ஸ்தோத்திரம் ஆண்டவரே, என்னையே அதட்டிட்டு!"

இப்போதெல்லாம் உடம்புக்கு முடியாமல் நான் படுத்தால், வாசலில் வந்து நின்று கம்பவுண்டர் நாலு திட்டு திட்டமாட்டாரா என்று ஏக்கமாக இருக்கிறது.