முப்பத்தைந்து டாலர் பயம்

வெர்லினின் கால்சட்டை முள்கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு கால் சாலைப் பக்கம். இன்னொரு கால் டெல்மாரின் மக்காச்சோளக் காட்டுக்குள்.

"ஆடாம நில்லு. கிழிஞ்சிடப் போகுது," என்றாள் முன்னாலேயே உள்ளே குதித்துவிட்ட அவர் மனைவி லொரெட்டா.

"மெதுவாப் பேசு. யார் காதிலயாவது விழப்போகுது."

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனிதர் அவர். டிக்கெட் வாங்காமல் வேலி தாண்டிப் பிடிபட்டால், அப்புறம் எந்த முகத்தோடு தட்டை நீட்டுவது?

ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. டெல்மாரின் அப்பா காலத்தில், அக்டோபர் பிறந்தால் இந்தக் காட்டுக்குள் வளைத்து வளைத்து வெட்டிய புதிர்ப்பாதையில் ஐயோவாவின் அந்தச் சின்ன ஊரே காசில்லாமல் சுற்றி வந்தது. வெளியே வருகிறவர்களுக்குச் சூடாக ஆப்பிள் சாறு வேறு. மகன் தலையெடுத்ததும் அதைப் பேய்க்காட்டு வேடிக்கையாக்கி, தலைக்கு முப்பத்தைந்து டாலர் என்று பலகை வைத்துவிட்டான். கீழே ஒரு வரி: 'உயிர் நடுங்குவது உறுதி.'

வெர்லின் காலை வெடுக்கென்று இழுத்தார். முழங்காலுக்குக் கீழே துணி கம்பியோடு போயிற்று.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த தோகைகள் காதருகே உரசின.

"என்ன, ஆள் அரவமே காணோம்?" என்றாள் லொரெட்டா.

"காசு குடுத்தவனெல்லாம் பயத்துல வாயடைச்சுப் போயிருப்பான்."

அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் திரும்பியது.

"காவலுக்கு ஆள் போட்டிருக்கான். வா இப்படி." பாதையை விட்டு அவளைச் செடிகளுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார். நின்று திரும்பினால், எந்தப் பக்கம் வந்தோம் என்பதே தெரியவில்லை.

லொரெட்டா போனில் விளக்கைப் போட்டாள். "ஐயையோ, காட்டிக் குடுத்துடும்," என்று பறித்தார். அது கை நழுவிச் சருகுக்குள் போய்விட்டது.

அடுத்து ஓர் உறுமல். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. எங்கோ செடிகள் படபடவென்று முறிந்தன.

"அடேயப்பா, முப்பத்தஞ்சு டாலர் தகும்," என்றாள் லொரெட்டா.

"எனக்கு இது சரியாப் படல."

"உன்னையே நடுங்க வச்சுட்டான் பாரு. கெட்டிக்காரன்தான்."

உறுமல் நெருங்கியது. வெர்லினுக்கு மானம் போனாலும் பரவாயில்லை, வெளியே போனால் போதும் என்றாகிவிட்டது.

"சத்தம் வர்ற பக்கமே போயிடுவோம். அங்கதான் ஆளுங்க இருப்பாங்க."

போனார்கள். முன்னால் நின்ற செடிகள் ஒரே வீச்சில் சாய்ந்தன. கண்ணைக் குருடாக்கும் வெளிச்சம். அதற்குக் கீழே வீட்டு அகலத்துக்கு ஓர் இரும்பு வாய். லொரெட்டா கைதட்டினாள். வெர்லின் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மண்டியிட்டார்.

உறுமல் நின்றது. மேலிருந்து டெல்மார் இறங்கி ஓடிவந்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"வெர்லின் அண்ணே? இங்க என்ன பண்றீங்க?"

"ரெண்டு டிக்கெட் காசையும் இப்பவே தந்துடறேன் தம்பி. போலீசுக்கு மட்டும் சொல்லிடாதே."

"என்ன டிக்கெட்ண்ணே? விலையப் பாத்துட்டு ஊர்ல ஒரு ஆள் வரல. போன வாரமே மூடிட்டு, இன்னிக்கு மெஷின் விட்டுச் சோளத்த அறுத்துக்கிட்டிருக்கேன்."