கம்பளிக்குள் வெந்த பயறு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகம்தானே? உங்கள் சுகத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை, முறைக்காகக் கேட்டுவைக்கிறேன். நானும் சுகம்தான். அந்தச் சுகம்தான் இப்போது இந்த வீட்டில் பெரிய தொல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான். போன முறை வந்தபோது சும்மா இருக்காமல், உடம்புக்கும் பூமிக்கும் கெடுதல் இல்லாமல் சமைப்பது எப்படி என்று ஒரு புத்தகத்தை அவள் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள், மாட்டிக்கொண்டது நான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய், காதுக்கு விடும் மருந்து மாதிரி சொட்டுச் சொட்டாக விழுகிறது. வாணலியில் மண்ணைக் கொட்டிப் புதினா வளர்க்கிறாள். நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேருக்காகக் குழிக்குள் இறங்கி ஏறி, கிரீஸும் கையுமாக வரும் மனிதன் ஒரு வறுவல் கேட்டால், "வாணலி காலியா இல்லீங்க" என்கிறாள். பூசணிக்காயின் சதை ஒரு நாள், தோல் மறுநாள், விதை அதற்கடுத்த நாள். காம்பை மட்டும் ஏன் விட்டுவைத்தாய் என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட, ராத்திரியே அதையும் சூப்பில் போட்டுவிட்டாள். குப்பை வண்டிக்காரர் என்னைத் தெருவில் நிறுத்தி, "என்ன சார், வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா? உங்க வீட்டுக் குப்பையே வரலையே" என்று துக்கம் விசாரிக்கிறார்.

இதையெல்லாம் பொறுத்தேன். கம்பளி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கேஸை மிச்சப்படுத்துவதற்காக, பயறைக் கொதிக்கவிட்டுச் சட்டென்று இறக்கி, பானையோடு என் கம்பளிக்குள் சுற்றிக் கட்டிலோரம் வைத்துவிடுவாள். மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடக்குமாம். இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. லீவு நாளாயிற்றே, ஒத்தாசை செய்து நல்ல பேர் வாங்குவோம் என்று, மூட்டையாகக் கிடந்த கம்பளியைத் தூக்கிச் சைக்கிளில் கட்டிச் சலவைக் கடைக்குக் கொண்டுபோனேன். கனமாக இருந்தது; கம்பளி என்றால் கனக்கத்தானே செய்யும்? சூடாகவும் இருந்தது, வெயிலில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். கடைக்காரர் முடிச்சை அவிழ்த்தார், பானையைத் திறந்தார், ஒரு பயறை நசுக்கிப் பார்த்தார், வாயிலும் போட்டுக்கொண்டார். "நல்லா வெந்திருச்சு சார். உப்புதான் ஒரு கல்லு கம்மி." வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் என் மானம் போயிற்று. அதோடு விட்டதா? இப்போது அந்த மனிதரும் கடையில் அப்படியே சமைக்கிறார், வாடிக்கைக்காரர்களின் போர்வைகளில். என் சட்டை பூண்டு வாசனையோடு திரும்பி வந்தது. வீட்டில் சொன்னால், "பாத்தீங்களா, உங்களால ஒரு குடும்பமே திருந்திருச்சு" என்று பெருமைப்படுகிறாள்.

ஆகவே மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அக்காவுக்கு முழங்கால் வலி என்று ஏதாவது சொல்லி இவளை ஒரு மாதம் அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். புதினாவை இடம் மாற்றிவிட்டு, நானும் மனிதன் மாதிரி நாலு பொரியல் வறுவல் தின்று ஆசை தீர்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் வறுக்கிறவர்கள், பொரிக்கிறவர்கள் எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வெந்ததைத் தின்று நொந்துபோன
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் நாடி பிடித்துப் பார்ப்போம் என்று, "அண்ணன் வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வாயேன்" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "போறேன். உங்க ரத்தக் குழாயில கொழுப்பு அடைச்சிருக்குன்னு டாக்டர் சொன்னப்ப நீங்க ஜன்னலைப் பாத்துட்டு இருந்தீங்க. கேட்டுட்டு வந்தவ நான். தினம் ராத்திரி உங்க மூச்சு சீரா வருதான்னு பாத்துட்டுப் படுக்கிறவளும் நான்தான். இனிமே நீங்களே பாத்துக்குங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவளை அழைக்காதீர்கள், அவளாக வந்து நின்றாலும் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்போதிருந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒரு துணியை வைக்க வைக்க, நான் ஒன்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தும் பார்க்காதவள் போலத்தான் இருக்கிறாள்.