முழங்கை பேசிய இங்கிலீஷ்

எங்கள் திருவண்ணாமலையில் வெள்ளைத் தோலோடு ஒருவர் தெருவில் இறங்கினால், அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரே முடிவு கட்டிவிடும். அவர் எந்த நாடு, அந்த நாட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். ஆட்டோக்காரரிலிருந்து இளநீர்க் கடைக்காரர் வரை "கம் சார், சிட் சார்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதே ஊரில், நல்ல கறுப்பாக இருக்கும் ஒரு பெண் "எம்.ஏ. இங்கிலீஷ்" என்று சொன்னால், "அப்படியா, கரஸ்ல பண்ணீங்களா?" என்று கேட்பார்கள். (தபால் வழியில் இல்லைங்க, ரெகுலர்தான். டவுன் பஸ்ஸில் தினம் நசுங்கிப் போய்ப் படித்தது.)

இந்தக் கோபம் எனக்கு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரின் திறப்பு விழா அன்று வந்தது. இன்னும் போகவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. சென்டரின் முதலாளி குமரேசன் சார் அதற்கு முன் செல்போன் கடை வைத்திருந்தவர். திறப்பு விழாவில் பெற்றோர்கள் முன்னால் நான் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், அது நன்றாக நடந்தால் வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் அம்மாவும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"வேல கெடச்சுதுன்னா ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். கெடைக்கல, அந்த ஆரணி மாப்பிள வீட்டுக்காரங்கள வரச் சொல்லிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

ஆக, ஒரு மாதிரி வகுப்பில் என் ஒரு வருஷ சுதந்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. பீரோ கண்ணாடி முன் நின்று நான் செய்த ஒத்திகையில் அந்தப் பீரோவே சரளமாகப் பேசியிருக்கும்.

விழா அன்று கஞ்சி போட்ட காட்டன் புடவையில் விறைப்பாகப் போய் நின்றேன். வீடியோ எடுக்க என் தம்பி பிரபு புது போனோடு வந்திருந்தான். வாசலில் வாழைமரம், உள்ளே நாற்காலி நிறையப் பெற்றோர்கள். குமரேசன் சார் என்னை ஓரமாக அழைத்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. உன் இங்கிலீஷெல்லாம் சூப்பர்தான். ஆனா மொகம் கொஞ்சம் லோக்கலா இருக்குது. பேரண்ட்ஸுக்கு ஒரு நம்பிக்கை வரணும் இல்ல?"

"அதுக்கு?"

"ஃபாரின் சார் ஒருத்தர ஏற்பாடு பண்ணிட்டேன். நீ பக்கத்துல நின்னு ஹெல்ப் பண்ணு, போதும்."

லோக்கல் முகமாம்! நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் வெயிலோடு வெயிலாகக் களை பிடுங்கிய முகம் லோக்கலாக இல்லாமல் லண்டனாகவா இருக்கும்? இதை அங்கேயே, அவர் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க சார்." (தூ! எம்.ஏ. வரைக்கும் படித்தது இதற்குத்தானா?)

ஃபாரின் சார் வந்து இறங்கினார். ஆறடி உயரம், நரைத்த தாடி, வெள்ளை வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், முகம் நிறையச் சிரிப்பு. ருத்திராட்சத்துக்குக் கீழே ஓர் அட்டை தொங்கியது. நான் மௌன விரதத்தில் இருக்கிறேன், தயவுசெய்து என்னோடு பேசாதீர்கள் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. செங்கம் ரோடு ஆசிரமப் பக்கம் இது சகஜம். மாசக்கணக்கில் அட்டை மாட்டிக்கொண்டு வாயே திறக்காமல் திரிவார்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தர அப்படி ஓர் ஆளை யாராவது கூட்டி வருவார்களா?

"சார், இவரு மௌன விரதம் சார்!"

"அப்படியா? நான் ஐடி கார்டுன்னு நெனச்சேன்." இங்கிலீஷ் சென்டர் முதலாளி சொன்னது இது. "டீக்கடையில நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினாரேம்மா. கிளாஸ் முடிஞ்சா சாப்பாடுன்னு கைய வாயில வச்சிக் காட்டினேன், உடனே வண்டில ஏறிட்டாரு."

"இப்ப என்ன சார் பண்றது?"

"அவரு மனசுல நெனைக்கிறத நீ இங்கிலீஷ்ல சொல்லு. அப்புறம் அதையே தமிழ்ல சொல்லு. முடிஞ்சுது."

அப்படியே நடந்தது. மாலை போட்டு அவரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மைக்கோடு நான். நான் இங்கிலீஷில் வகுப்பெடுப்பேன், அவர் சிரிப்பார், நான் தமிழில் சொல்வேன், அவர் மறுபடியும் சிரிப்பார். கடைக்குப் போனால் எப்படிக் கேட்பது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று பீரோவிடம் ஒத்திகை பார்த்த அத்தனையையும் கொட்டினேன். முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"வெள்ளக்காரங்க பேசறது நமக்குப் புரியாதுன்னு சொல்லுவாங்க. இவரு பேசறது பாருங்க, என்னா தெளிவு!"

"பொறந்ததுலேர்ந்து பேசறாங்க இல்ல? அது வேறதான்."

அந்த மனிதர் அதுவரை கொட்டாவி விடக்கூட வாயைத் திறக்கவில்லை! பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். ஆரணி, ஆரணி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது சஃபாரி போட்ட ஒருவர் எழுந்தார்.

"ஏம்மா, நீங்க குறுக்கக் குறுக்கப் பேசிட்டே இருந்தா எப்படி? கொஞ்சம் சாரப் பேச விடுங்க."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ!

"யோவ், பேசறதே நான்தான்யா! இவ்ளோ நேரம் நீங்க கேட்ட இங்கிலீஷ் மொத்தமும் என்னுது! அவரு ஒரு வார்த்தை பேசினாரா? யாராவது பாத்தீங்களா? கண்ணு எங்க வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டு ஃபாரின் சார் பக்கம் திரும்பினேன். "ஐயா, நீங்களாவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

மைக் வேறு கையில் இருந்தது. தெருமுனை வரை கேட்டிருக்கும். அவர் மெல்ல எழுந்தார். அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"கோச்சுக்காதம்மா," என்றார், சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில். "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. எங்க நாட்ல அது பேசறதில்ல. இங்க அன்னதானம்னு நெனச்சி வந்துட்டேன். பேசினதெல்லாம் இந்தப் பொண்ணுதான். நல்லாவே பேசிச்சு."

அப்பாடா, உண்மை தெரிந்துவிட்டது, வேலையும் கிடைத்துவிட்டது என்று நிமிர்ந்து நின்றேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"அடடா, என்னா அழகா தமிழ் பேசறாரு!"

"நம்ம புள்ளைங்ககூட இப்படிப் பேசாதுங்க!"

சஃபாரிக்காரர் ஓடி வந்து தன் பையனை அவர் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார். யாரோ சால்வை போர்த்தினார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது என்று அந்த மனிதர் மைக்கில் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பிள்ளைகளைச் சேர்க்க வரிசை கட்டி நின்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தட்டுத்தடுமாறி நான் கற்ற இங்கிலீஷுக்கு இந்த ஊரில் யாராவது ஒரு முறை கைதட்டியிருப்பார்களா? தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சரியாகப் பேசினால் திமிர் என்பார்கள். அவர் நாலு வரி தமிழ் பேசினால் சால்வையாம். வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

"பேரண்ட்ஸ்கிட்டயே சத்தம் போடறியேம்மா. உனக்குக் கோவம் ஜாஸ்தி, பொறுமை கம்மி. நாளைலேர்ந்து வராத," என்றார் குமரேசன் சார். ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் பேசினவளுக்கு வேலை போனது. பேசாதவர் படம் ஃபிளெக்ஸில் ஏறியது.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த மனிதர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். தன் பாயசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வாங்கிக் குடித்தேன். அவர்மேல் எனக்கு என்ன கோபம்?

வீட்டில் பிரபு அம்மாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினான். அம்மா கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார்.

"அவரு பேசறது எனக்கே புரியற மாதிரி இருக்குதுடி. நீ எதுக்குப் பக்கத்துல நின்னு தொந்தரவு பண்ண?"

பிடுங்கிப் பார்த்தேன். படம் முழுக்க வெள்ளைக்காரரின் சிரித்த முகம். என் குரல். ஓரத்தில் என் முழங்கை மட்டும்.

"ஏண்டா, என்னை எடுக்கத்தானேடா வந்த?"

"கை தானா அவருகிட்டயே போயிடுச்சுக்கா," என்றான் அந்தப் பாவி.

ஆரணிக்காரர் வந்தார், கல்யாணமும் ஆனது. (நல்ல மனுஷன்தான், அது வேறு விஷயம். அந்த மௌனசாமியை "நம்ம கல்யாணத் தரகர்" என்றுதான் சொல்வார்.) இப்போது வீட்டு முன்னறையில் நானே வகுப்பெடுக்கிறேன். பிரபு போனில் என் பெயர் இன்றைக்கும் "முழங்கை". சொந்தக்காரர்கள் கூடினால் முதலில் கேட்பது அந்த வீடியோவைத்தான்.

போன மாதம் பிரபுவின் நிச்சயதார்த்தத்தில் என் ஐந்து வயது மகள் அதை முதல்முறையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, உன் கொரல் ஏன் இந்தத் தாத்தாகிட்ட இருக்குது?"

கூடம் முழுக்கச் சிரிப்பு.

"நான்தாண்டி பேசறேன்."

"அப்போ நீ எங்க?"

முழங்கையைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். தாடி போனது, ருத்திராட்சம் போனது, மாலை போனது. திரை முழுக்க என் கறுத்த முழங்கையும் என் இங்கிலீஷும் மட்டும் நின்றன.

"இப்பதான் சரியா இருக்குது," என்றாள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்த வீடியோவை அப்படித்தான் போடுகிறோம்.