மொட்டை மாடியின் திறப்பு

ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பற்றி ஜனாதிபதியைவிட அதிகம் கவலைப்பட்ட மனிதர் இலங்கையில் ஒருவர்தான். அவர் வெள்ளவத்தையில் எங்கள் போட்டோக்கொப்பி அண்ணை. காலி வீதியில் ஒரு மெசின், ஒரு ஸ்டூல், அதன்மேல் அவர். கடை அவ்வளவுதான். சட்டம் படிக்கிற யாரோ ஒருவர் நாட்டின் அரசியலமைப்பை முழுதாகக் கொப்பி எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வரவேயில்லை. தாளை வீணாக்குவது பாவம் என்று அண்ணை அதை வாசித்தார். அன்று பிடித்தது சனி, அவருக்கல்ல, வாடிக்கையாளருக்கு.

அடையாள அட்டையைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கொப்பி வரும். அட்டை அரை மணித்தியாலம் வராது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு விவாதம் நடக்கும்.

“தம்பி, பாராளுமன்றத்தைக் கலைக்கலாம், அவசரகாலம் போடலாம், கூட்டாளிக்கு மன்னிப்பும் குடுக்கலாம். இவ்வளவும் ஒரு ஆளின்ரை கையிலை இருந்தால் என்ன நடக்கும்?”

“நல்ல ஆளாப் பாத்துப் போட்டால் சரிதானே அண்ணை? நாட்டுக்கு ஒரு பலமான ஆள் வேணும்.”

“நல்லவனுக்கு எண்டுதான் கதிரை செய்யிறியள். அடுத்ததா அதிலை ஆர் குந்துவான் எண்டு தெரியுமே?”

எனக்குத் தெரியாது. எனக்கு அட்டைதான் வேண்டும். “ஓம் அண்ணை, ஓம்” என்று வாங்கிக்கொண்டு ஓடுவேன்.

எங்கள் தொடர்மாடியிலேயே குடியிருந்த இப்படிப்பட்டவரை அதற்குத் தலைவராகப் போட்டது நாங்கள் செய்த பிழை. ஏழு மாடி, பதினாலு குடும்பம். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மாட்டேன் என்று சொல்லாதவர் அவர் ஒருவர். பதவிக்கு வந்ததும் அண்ணை செய்த முதல் வேலை, தன் அதிகாரத்தைத் தானே வெட்டியது. தலைவர் எதைச் செய்தாலும் குறிப்பிட்ட மூன்று வீட்டாரின் கையெழுத்து வேண்டும் என்று எழுதி லிப்டில் ஒட்டினார். அந்தக் கிழமையே லிப்ட் பல்ப் போய்விட்டது. மூன்று கையெழுத்துக்காரரில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டில், இன்னொருவர் அண்ணையோடு கோபம். மூன்று கிழமை இருட்டு. என் மனைவி தேவாரம் சொல்லிக்கொண்டுதான் லிப்டில் ஏறுவாள்.

“அண்ணை, ஒரு பல்ப்புத்தானே! வாங்கிப் போடுங்கோவன்.”

“இண்டைக்குப் பல்ப்பு. நாளைக்கு?”

நாளைக்கும் பல்ப் இல்லை.

பொறுமை போய்விட்டது. அடுத்த கூட்டத்தில், இரண்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மனேஜரைத் தலைவராக்கினோம். ‘தலைவர் தேவையென்று நினைப்பதைச் செய்யலாம்’ என்று விதியையும் ஒரே வரியாக மாற்றினோம். முதலில் கை தூக்கியவன் நான். எதிர்த்தவர் அண்ணை மட்டும்.

மறுநாளே பல்ப் எரிந்தது. இதல்லவோ ஆட்சி என்று வாய்விட்டுப் புகழ்ந்தேன். அடுத்த மாதம் காவலாளி போய் மனேஜரின் மைத்துனர் வந்தார். விருந்தினர் கார் விடும் இடத்தில் மனேஜரின் இரண்டாவது கார் நின்றது. பிறகு மொட்டை மாடியில் அவருடைய ஓர்கிட் சாடிகள் ஏறின. தைப்பொங்கலுக்கு முதல்நாள் மாடிக் கதவில் ஒரு பூட்டும் ஒரு தாளும் தொங்கின: ‘புகை பூக்களுக்கு ஆகாது. நெருப்பு மூட்டத் தடை. தலைவர்.’

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குச் சூரியனைப் பார்த்துப் பொங்க வேறு இடம் ஏது? என் மகள் சில மாதத்துக்கு முன்தான் டெங்கு வந்து செத்துப் பிழைத்தவள். சூரிய பகவானுக்குப் பானை வைக்கிறோம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்தபடி நேர்ந்திருந்தோம். மனேஜரிடம் கெஞ்சினேன்.

“காஸ் குக்கரிலை பொங்குங்கோ. சூரியனுக்கு யன்னலுக்குள்ளாலை தெரியும்” என்றார்.

வெட்கத்தை விட்டு அண்ணையின் கடைக்குப் போனேன்.

“முதல் கை தூக்கினது ஆர்?”

“நான்தான் அண்ணை.”

“சரி, வாரும்” என்று கடையைப் பூட்டினார்.

மனேஜரின் வாசலில் மூன்று மணிக்குத் தொடங்கியது. அவசரகாலம் என்றால் என்ன, அதிகாரத்துக்கு எல்லை எது, ஓர்கிட் எந்தப் பிரிவில் வருகிறது. ஐந்து மணிக்கு மனேஜர் கைகூப்பினார்.

“ஐயோ மிஸ்டர், நான் தேத்தண்ணி குடிக்கவேணும். இந்தாங்கோ பூட்டின்ரை திறப்பு!”

நான் கையை நீட்டினேன். அண்ணை அதைத் தட்டிவிட்டார்.

“தயவாத் தாற திறப்பு வேண்டாம். இண்டைக்குத் தாறவர் அடுத்த வருஷம் பூட்டுவார். கூட்டத்தைக் கூட்டுங்கோ.”

“அண்ணை, விடிஞ்சால் பொங்கல்!” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்ப ஏன் நிக்கிறீர்? ஓடும்! வீடு வீடாத் தட்டும்.”

லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ஏழு மாடியும் ஓடினேன். கரும்பு வாங்கப் போனவர்களைச் சந்தையிலிருந்தே இழுத்துவந்தேன். மாடிப்படியிலேயே கூட்டம் நடந்தது. அந்த ஒற்றை வரி விதி போனது. பொது இடத்தைப் பூட்டுவதென்றால் எல்லா வீட்டையும் கேட்கவேண்டும் என்று புது விதி வந்தது. தேத்தண்ணி அவசரத்தில் மனேஜரும் கை தூக்கினார். பல்ப் போடுவதற்கு மட்டும் தலைவர் யாரையும் கேட்கத் தேவையில்லை என்று என் மனைவி ஒரு திருத்தம் சொன்னாள். அண்ணை கண்ணை மூடி வெகுநேரம் யோசித்து, அதற்கும் கை தூக்கினார்.

விடியற்காலையில் முதல் பிடி அரிசியை மகள்தான் போட்டாள். அண்ணை வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். ஆனாலும் வந்து பானைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். பால் பொங்கி வழிந்ததும் மெல்லக் கேட்டேன்.

“என்ன அண்ணை மன்றாடினியள்? ஜனாதிபதியைப் பற்றியோ?”

“உமக்கென்ன விசரே? பிள்ளைக்குத்தான்.”

அன்றிலிருந்து காலையில் விளக்கேற்றி நான் சொல்லும் பெயர்களில், வீட்டாருக்கு அடுத்ததாக அவர் பெயரும் வருகிறது. வேதக்காரப் பெயர்தான். பிள்ளையார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.